சுடுதண்ணி டேங்க் த்ரெட்டுல ஒழுகுதா? வெர்க்ஷொப்புல நடக்குற தப்புகள்

சுடுதண்ணி டேங்க் ஒழுகுதுன்னு யாராச்சும் கொண்டாந்தா தகட்டப் பாக்குறதுக்கு முந்தி த்ரெட்டப் பாருங்க. தகடு துரு புடிச்சு ஓட்ட விழ வருஷம் ஆகும், ஆனா பைப் பூட்டுற சொக்கட், தண்ணிய சுட வெக்கிற கொயில் பூட்டுற வாய், இதுங்கதான் மொத ஏப்ரல் சீசன்லயே, அதுவும் நுவரெலியா கெஸ்ட் ஹவுஸ் எல்லாம் ஆளு நெறஞ்சு இருக்குற நேரமாப் பாத்து கசிய ஆரம்பிக்கும். அதுக்கு நம்மாளுக பண்ற வைத்தியம் ஒண்ணே ஒண்ணுதான், கழட்டி இன்னும் நாலு சுத்து வெள்ளை டேப் சுத்தி பைப் ரென்ச்சால முறுக்குறது. டேப் நல்ல த்ரெட்டுக்கு நடுவுல இருக்குற சின்ன இடுக்க மட்டுந்தான் அடைக்கும். தப்பா வெட்டுன த்ரெட்ட, வெல்டிங்ல கோணிப்போன சொக்கட்ட அது ஒண்ணும் பண்ணாது. ஹட்டன், தலவாக்கல, வெலிமட பக்கம் டேங்க் அடிக்கிற பெடியன்களுக்காகத்தான் இத எழுதுறேன்.

மொத தப்பு அளவுலயே நடக்குது. முக்கால் அங்குல பைப்னா 19 மில்லின்னு ஸ்கேல்ல பாத்துட்டு அந்த ஓட்டயப் போடுறாங்க, ஆனா பைப் த்ரெட்டுல முக்கால்ங்கிறது உள்ளால தண்ணி போற வழிக்கு அந்தக் காலத்துல வெச்ச பேரு, வெளி த்ரெட்டோட விட்டம் 26.44 மில்லி வரும். முக்காலுக்கு பேரலல் த்ரெட், அதாவது ஒடுங்காம ஒரே விட்டமாப் போறது, வெட்டுற ஓட்ட 24.5 மில்லி, அரை அங்குலத்துக்குத்தான் 19. இன்னும் சில பேரு உள் த்ரெட் வெட்டுற டெப் லேசா எறங்கட்டும்னு ஓட்டய ஒரு மில்லி பெருசாப் போட்டுருவாங்க, டெப் லேசாத்தான் எறங்கும், ஆனா த்ரெட் பாதி ஆழந்தான் இருக்கும், பூட்டும்போது நல்லாப் புடிச்ச மாதிரி இருந்துட்டு பிரஷர் ஏறுனதும் கசியும்.

இதவிட மோசமானது பி.எஸ்.பி, என்.பி.டிங்கிற ரெண்டு வகை பைப் த்ரெட் கொழப்பம். நம்ம நாட்டுல பைப், சொக்கட், எல்போ எல்லாமே பெரும்பாலும் பி.எஸ்.பி, அதாவது பிரிட்டிஷ் அளவு, த்ரெட் பல்லோட கோணம் 55 பாகை. என்.பி.டிங்கிறது அமெரிக்கா பக்கத்து அளவு, 60 பாகை. அரை அங்குலத்துலயும் முக்கால்லயும் ரெண்டுக்குமே ஒரு அங்குலத்துக்கு 14 த்ரெட்தான், அதனால ஒண்ணுக்குள்ள ஒண்ணு மூணு நாலு சுத்து சும்மா போயிரும், போனதும் சரி பொருந்திருச்சுன்னு விட்டுருவாங்க. பொருந்தல. கோணம் வேற, விட்டமும் கொஞ்சம் வேற, த்ரெட்டோட உச்சியிலயும் அடியிலயும் சுத்திச் சுத்தி ஒரு பாத இருக்கும், தண்ணி அது வழியா வெளிய வரும். ஒரு அங்குலத்துல பி.எஸ்.பி 11, என்.பி.டி 11.5, அங்க சீக்கிரமே எறுகி நின்னுரும், அதுவரைக்கும் நல்லது. ஒன்லைன்ல எடுக்குற கொயில், ஸ்டெயின்லெஸ் வால்வ் எல்லாம் எந்த த்ரெட்னு பாக்காம அதுக்கேத்த மாதிரி டேங்க்ல வாய் வெக்காதீங்க. த்ரெட் கேஜ் ஒண்ணு வாங்கி வெச்சிக்கிறது பெரிய செலவே இல்ல. லேத்துல வெட்டுறவங்களும் கவனிங்க, போல்டுக்குத் தீட்டுன 60 பாகை டூல அப்பிடியே பைப் த்ரெட்டுக்கும் போடுறது வழக்கமாயிருச்சு, 55க்கு தனியா ஒரு டூல் தீட்டி எடுத்து வைங்க.

பி.எஸ்.பிலயே ரெண்டு சாதி இருக்கு. டேப்பர் த்ரெட் 16க்கு 1ங்கிற கணக்குல ஒடுங்கிப் போகும், அது த்ரெட்டுலயே எறுகி சீல் ஆகுறது. பேரலல் த்ரெட் ஒரே விட்டம், அதுல ஒரு வகை சும்மா புடிச்சிக்கிறதுக்குத்தான், சீல் பண்றது வொஷர். கொயிலெல்லாம் அனேகமா அந்த வகைதான், அதனால வாயோட முகம் மட்டமா, த்ரெட்டுக்கு நேர் குறுக்கா இருக்கணும். வெல்டிங் பொட்டு ஒண்ணு அந்த முகத்துல ஒட்டிக் கெடந்தாலும் வொஷர் உக்காராது, அப்புறம் டேப் சுத்தி என்ன, பெயின்ட் தடவி என்ன. வொஷருக்கு பைசிக்கிள் டியூப வெட்டிப் போடுறத தயவு செஞ்சு விட்டுருங்க, சுடுதண்ணியில கொஞ்ச நாள்ல கல்லு மாதிரி எறுகி வெடிச்சிரும். சூட்டுக்குன்னு விக்கிற வொஷர் எல்லா டவுன்லயும் கெடைக்கும்.

அடுத்தது தகட்டுலயே த்ரெட் வெட்டுறது. 2 மில்லி, 2.5 மில்லி தகடு, முக்கால் அங்குல த்ரெட்டுல ஒரு பல்லுக்கும் அடுத்த பல்லுக்கும் நடுவுல 1.8 மில்லி, அப்ப அந்தத் தகட்டுல முழுசா ஒரு சுத்துதான் நிக்கும். ஒரு சுத்து த்ரெட் சுடுதண்ணி டேங்க தாங்கும்னு எந்த தைரியத்துல பூட்டுறாங்கன்னு எனக்குப் புரியல. சொக்கட் வெல்ட் பண்ணியே ஆகணும், சுவர் தடிச்ச சொக்கட்.

அந்த சொக்கட்ல ஜி.ஐ போடாதீங்க. ஹார்ட்வெயார்ல அதுதான் கையில கெடைக்கும், ஆனா மேல பூசியிருக்குற நாகம் (சிங்க்) வெல்டிங் சூட்டுல வெள்ளப் பொகையா எரியும், வெல்ட் பூரா பொத்தல் விழும், அந்தப் பொகைய இழுத்தவருக்கு ராவைக்கு காய்ச்சல் நடுக்கம் வரும். நம்ம ஊர் குளிருல அத சளிக் காய்ச்சல்னு நெனச்சு பனடோல் போட்டுட்டுப் படுத்துருவாங்க, காலையில மறுபடி அதே வேல. நாகம் பூசாத கறுப்பு சொக்கட் கேட்டு வாங்குங்க, இல்லாட்டி வெல்ட் விழுற எடத்த கிரைண்டர்ல நாகம் போக நல்லாத் தேச்சு எடுத்துட்டு, காத்தாட வெளியில வெச்சு அடிங்க.

வெல்டிங்னு வந்தா மனுசன் அவசரப்படுற எடம் இதுதான். ஒரே மூச்சுல வட்டமா சுத்தி அடிச்சா சூடு ஒரு பக்கமே ஏறி, ஆறும்போது சொக்கட் முட்ட வடிவமா சுருங்கிரும். கண்ணுக்குத் தெரியாது, பைப் பூட்டுனா ரெண்டு பக்கம் எறுகும், ரெண்டு பக்கம் லூஸ். எதிரெதிரா நாலு எடத்துல சின்னச் சின்னப் பொட்டா டெக் வெல்ட் புடிச்சு, கால் கால் வட்டமா மாறி மாறி அடிங்க, உள்ளுக்கு ஒரு பழைய இரும்பு ப்ளக்க பூட்டி வெச்சு அடிச்சா சொக்கட்டும் கோணாது, பொறியும் த்ரெட்டுல தெறிக்காது, முழுசா ஆறுறதுக்குள்ள ப்ளக்க ஒருக்கா அசச்சு விடுங்க, இல்லாட்டி அங்கயே தங்கிரும். அப்புறம் ஆறுனதும் டெப்ப ஒருக்கா உள்ள விட்டு எடுக்கணும். இந்தக் கடைசி வேலயத்தான் யாருமே செய்றதில்ல, பாதி ஒழுகல் இங்கதான் பொறக்குது. எல்லா வாய்க்கும் ஒரே நேரத்துல ப்ளக் போட்டு மூடிட்டும் அடிக்காதீங்க, உள்ள காத்து சூடாகி அடைபடும், ஒரு வாயாவது தொறந்து கெடக்கட்டும்.

வேல வரிசையும் முக்கியம். ரெண்டு பக்க மூடியையும் வெல்ட் பண்ணி முடிச்சதுக்கு அப்புறம் சொக்கட் வெச்சா வெளிப்பக்கம் மட்டுந்தான் வெல்ட் விழும், உள்ள சொக்கட்டுக்கும் தகட்டுக்கும் நடுவுல மெல்லிசா ஒரு இடுக்கு தங்கிரும், துரு அங்க இருந்துதான் கெளம்பும். யாழ்ப்பாணத்துல தண்ணியில சுண்ணாம்பு இருக்கு, அது உள்ள படிஞ்சு வேற தொல்ல குடுத்தாலும் இரும்புக்கு ஒரு மூடி மாதிரியும் நிக்கும். நம்ம மலை ஊத்து பீலித் தண்ணி மென்தண்ணி, அப்பிடி எதுவும் படியாது, இரும்ப நேராத் தின்னும். அதனால மூடி அடிக்கிறதுக்கு முந்தியே சொக்கட்ட உள்ளயும் வெளியயும் வெல்ட் பண்ணிருங்க. இரும்புக்குப் பதிலா தான் கரையுற மெக்னீசியம் அனோடுக்கு ஒரு வாயும் கட்டாயம் விடுங்க, அதப் பூட்டும்போது டேப்ப கட்டி கட்டியா சுத்துனா இரும்போட தொடர்பு விட்டுப்போயி அனோட் சும்மா தொங்கும், மீட்டர வெச்சு ஒருக்கா பாத்துருங்க. பித்தளை, செம்பு பைப்ப இரும்பு வாயில நேராப் பூட்டுனாலும் அந்த எடத்துல இரும்புதான் கரையும், நடுவுல மின்சாரம் கடத்தாத நிப்பிள் ஒண்ணு போடணும்.

பைப்ல டை போட்டு வெளி த்ரெட் வெட்டுறவங்க பண்றது இன்னொண்ணு, த்ரெட்ட நீளமா வெட்டுறது. நீளமா இருந்தா பலம்னு நெனப்பு. டேப்பர் த்ரெட் நீண்டா சொக்கட்டுக்குள்ள எறுகாமலே அடி வரைக்கும் போயிரும். முக்கால் அங்குலத்துக்கு கிட்டத்தட்ட 15 மில்லி போதும், அரைக்கு 13, கையால எறுக்கி நின்ன பொறகு ரென்ச்சால ஒன்றரை ரெண்டு சுத்து. டை போடுறப்போ கட்டிங் ஒயில் ஊத்துங்க, காஞ்ச டை பல்லப் பிச்சு எடுத்துரும். ஸ்டெயின்லெஸ்ஸுக்குள்ள ஸ்டெயின்லெஸ் பூட்டுறதா இருந்தா பேஸ்ட் தடவி மெதுவா, ஒருக்கா புடிச்சிக்கிட்டா வெட்டித்தான் எடுக்கணும்.

சொக்கட் நீளத்தையும் மொதல்லயே கணக்குப் போடுங்க. டேங்குக்கு வெளிய சூடு போகாம இருக்க 40, 50 மில்லி ஃபோம் வருது, அதுக்கு மேல கவர், அப்ப சொக்கட் உள்ளுக்குள்ளயே பொதைஞ்சிரும், ஸ்பேனர் எட்டாது, பூட்ட வந்தவரு ஃபோமக் கிண்டி எடுத்து உள்ள தண்ணி எறங்க வழி பண்ணிருவாரு.

பிரஷர மேட்டுக்காட்டுல யாரும் கணக்குப் பாக்குறதில்ல. கொழும்புல மாடி மேல டேங்க்னா ஒரு பார் வந்தா பெருசு. நம்ம பக்கம் தண்ணி மலை மேல இருந்து எறங்குது, 10 மீட்டர் ஒசரத்துக்கு ஒரு பார், 60 மீட்டர் மேல இருக்குற பீலியில இருந்து பைப் போட்ட பங்களாவுல குழாய அடைச்சிட்டா ஆறு பார் நிக்கும். அதுக்கு மேல தண்ணி 15 பாகையில இருந்து 60க்கு சூடாகும்போது 100 லீட்டருக்கு ஒன்றரை லீட்டருக்கும் மேல விரியும். பின்னால போக வழி விடாம நொன் ரிட்டர்ன் வால்வ் போட்டிருந்தா அந்த விரிவு பூராவும் த்ரெட்டுலதான் வந்து முட்டும். சேஃப்டி வால்வுக்குன்னு மேல தனியா ஒரு வாய் வைங்க, சொட்டுதுன்னு அதுக்கு யாரும் ப்ளக் போட விடாதீங்க, சூடாகும்போது சொட்டுறதுதான் அதோட வேல.

டெஸ்ட் ஃபோம் ஊத்துறதுக்கு முந்தி. டேங்க் நெறைய தண்ணி, காத்து கொஞ்சங்கூட இல்லாம, கை பம்பால வேல பிரஷருக்கு ஒன்றரை மடங்கு ஏத்தி அர மணி நேரமாவது விட்டு பிரஷர் கேஜ் முள்ளப் பாருங்க, ஒவ்வொரு வாயையும் காஞ்ச துணியால தொடச்சுப் பாருங்க. டயர் கடை கம்பிரஷர கொண்டாந்து காத்தடிச்சு சவர்க்காரத் தண்ணி ஊத்திப் பாக்குறாங்களே, அந்தப் பிரஷர்ல காத்து அடைபட்ட டேங்க் வெடிச்சா தகடு பறக்கும், தண்ணின்னா வெல்ட் விட்டதும் பிரஷர் போயிரும், நனையுறதோட முடிஞ்சிரும். எந்த வாய் கசிஞ்சாலும் தண்ணிய எறக்கி, வெல்ட்ட முழுசா அரைச்சு எடுத்துட்டு திரும்ப அடிங்க, மேல ஒரு பூச்சு வெல்ட் போட்டோ எபொக்சி தடவியோ குடுத்தீங்கன்னா அதே டேங்க் அதே கெஸ்ட் ஹவுஸ்ல இருந்து திரும்பி வரும், இந்த வாட்டி ஃபோமையும் உரிச்சுத்தான் பாக்கணும்.