ஜூன் விடுமுறையில் பிள்ளைகளின் வளர்ச்சியைக் குறித்துவைக்க

சிங்கப்பூர்ப் பள்ளிகளின் 4 வார ஜூன் விடுமுறையில் பிள்ளைகளைத் தமிழ்நாட்டுக்குத் தாத்தா பாட்டி வீட்டுக்கு அழைத்துச் செல்லும் பெற்றோர் பலர், திரும்பும்போது அவர்கள் திடீரென்று வளர்ந்துவிட்டதாகச் சொல்வதுண்டு. உயரத்தைப் பொறுத்தவரை அது பெரும்பாலும் கண்ணின் மயக்கமே. தொடக்கப்பள்ளி வயதில் ஒரு குழந்தை ஆண்டுக்கு ஏறத்தாழ 5 முதல் 6 சென்டிமீட்டர் வளர்வதால், ஒரு மாதத்தில் கூடுவது அரை சென்டிமீட்டர் அளவுதான். முதுகெலும்பின் எலும்புகளுக்கு இடையே மெத்தைபோல் இருக்கும் இடைவட்டுகள் பகலில் அழுந்துவதால், காலை உயரத்துக்கும் மாலை உயரத்துக்கும் இடையிலேயே அதைவிடக் கூடுதலான வேறுபாடு இருக்கக்கூடும். அளப்பதானால், புறப்படும் முன்பும் திரும்பிய பின்பும் காலையில் எழுந்தவுடன், காலணியின்றி, வீட்டின் அதே சுவரில் அளக்க வேண்டும்.

உண்மையில் மாறுவது பேச்சும், உடன்பிறந்தோர் ஒருவரோடு ஒருவர் பழகும் விதமும்தான். வீட்டில் ஆங்கிலத்திலேயே பதில் சொல்லிப் பழகிய பிள்ளை, பாட்டியிடம் காரியம் ஆக வேண்டுமென்றால் தமிழில்தான் கேட்டாக வேண்டும். ஆகவே வாரம் ஒருமுறை பிள்ளைகள் இருவரையும் சேர்த்து அமர்த்தி, அன்று நடந்ததைச் சொல்லச் சொல்லிக் கைப்பேசியில் இரண்டு நிமிடம் ஒலிப்பதிவு செய்யுங்கள். காணொளி வேண்டாம், படம் பிடிக்கிறோம் என்று தெரிந்தால் பிள்ளைகள் நடிக்கத் தொடங்கிவிடுவார்கள் என்பது என் எண்ணம். மூத்தவர் குறுக்கிட்டால் தடுக்காதீர்கள்: முதல் வாரம் அண்ணன் முடித்துவைத்த வாக்கியத்தை நான்காம் வாரம் தங்கை தானே முடிப்பதும், “நான் சொல்றேன், நீ சும்மா இரு” என்று அவனை அதட்டுவதும் அப்படித்தான் பதிவாகும். கோப்பின் பெயரில் தேதியையும் ஊரையும் அன்றே எழுதிவிடுங்கள்; கைப்பேசி தானாக இடும் எண்களை வைத்துப் பின்னர் எதையும் தேடி எடுப்பது கடினம்.