‘இரண்டு கோல் போதும்’ என்று எழுதியவன் சொல்கிறேன்: கிளப் உலகக் கோப்பையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கால்பந்து ஆட்டங்களை நிமிடத்துக்கு நிமிடம் எழுத்தில் தருவது என் வேலை. இப்போது புதிதாக வருகிறவர்களைப் பழக்குவதும் அதோடு சேர்ந்துகொண்டது. ஆட்டக்காரர் பெயரை மாற்றி எழுதுவது, ஆஃப்சைடு கோலைக் கணக்கில் சேர்த்துவிட்டு அப்புறம் அவசரமாக அழிப்பது எல்லாம் யாருக்கும் நடக்கும். நாலு ஆட்டம் எழுதினால் தானாகச் சரியாகிவிடும். அவற்றை விட்டுவிடுகிறேன். உலகக் கால்பந்து அமைப்பான பிஃபா நடத்தும் கிளப் உலகக் கோப்பைக்கென்றே சில பள்ளங்கள் இருக்கின்றன. நான் விழுந்த அதே இடத்தில், அதே மாதிரி தலைகுப்புற, ஒவ்வொருவராக வந்து விழுகிறார்கள். அடுத்த போட்டி 2029-இல். அதற்குள் இதை ஒருமுறை எழுதி வைத்துவிடலாம் என்று தோன்றியது.

மூன்றாம் இடம் யாருக்கு என்று தேடாதீர்கள்

அரையிறுதியில் தோற்ற இரண்டு அணிகளும் மூன்றாம் இடத்துக்கு மோதும் ஆட்டம் 2025-இல் கிடையாது.

கோல் வித்தியாசத்தை மொத்தமாகக் கூட்டுவது

இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

2025 ஜூன் 23, பி குழுவின் கடைசி நாள். இரண்டு ஆட்டங்கள் ஒரே நேரத்தில் தொடங்கின. பாசடீனாவின் ரோஸ் பவுல் மைதானத்தில் அத்லெடிகோ மாட்ரிட்டும் பிரேசிலின் போடஃபோகோவும். சியாட்டிலில் பாரிஸ் அணியான பிஎஸ்ஜியும் உள்ளூர் அணியான சவுண்டர்ஸும். அதற்குமுன் நடந்தவை இவை: பிஎஸ்ஜி அத்லெடிகோவை 4-0 என நொறுக்கியது. போடஃபோகோ சியாட்டிலை 2-1 என வென்றது, பிறகு யாரும் எதிர்பாராமல் பிஎஸ்ஜியையும் 1-0 என வீழ்த்தியது. அத்லெடிகோ சியாட்டிலை 3-1 என வென்றது. ஆக போடஃபோகோவுக்கு 6 புள்ளி, பிஎஸ்ஜிக்கும் அத்லெடிகோவுக்கும் தலா 3, சியாட்டிலுக்கு ஒன்றும் இல்லை. குழுவிலிருந்து இரண்டு அணிகள் மேலே போகும்.

அத்லெடிகோ என்ன செய்தால் பிழைக்கும்? நான் பேனாவும் தாளும் எடுத்தேன். போடஃபோகோவின் கோல் வித்தியாசம், அதாவது அடித்த கோலில் வாங்கிய கோலைக் கழித்தது, +2, அத்லெடிகோவுக்கு -2. அத்லெடிகோ 2-0 என வென்றால் இரண்டுமே பூஜ்யத்துக்கு வந்துவிடும். அடித்த கோல்களைப் பார்த்தால் அத்லெடிகோ 5, போடஃபோகோ 3. சரி, இரண்டு கோல் போதும். ஆட்டம் தொடங்குமுன்பே அப்படி எழுதிவிட்டேன். எழுதியதோடு நிற்கவில்லை. ‘இரண்டே கோல் போதும்’ என்று பெரிய எழுத்தில் ஒரு படமாகவும் போடச் சொன்னேன். அது ஊரெல்லாம் சுற்றியது.

கூட்டலில் தப்பில்லை. விதிதான் வேறு. நாடுகள் ஆடிய 2022 உலகக் கோப்பையில் புள்ளிகள் சமமானால் முதலில் பார்த்தது மொத்தக் கோல் வித்தியாசத்தை. என் தலையில் அதுதான் பதிந்திருந்தது. 2025 கிளப் உலகக் கோப்பையிலோ, சமமாக நிற்கும் அணிகள் தங்களுக்குள் ஆடிய ஆட்டங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள்: அவற்றில் பெற்ற புள்ளி, அவற்றின் கோல் வித்தியாசம், அவற்றில் அடித்த கோல். இவை மூன்றும் பிரிக்காவிட்டால்தான் மொத்தக் கணக்குக்கு வருவார்கள்.

அந்த விதிப்படி போட்டுப் பாருங்கள். பிஎஸ்ஜி சியாட்டிலை வென்று, அத்லெடிகோவும் வென்றால், மூன்று அணிகள் 6 புள்ளியில் நிற்கும். மூன்றும் சியாட்டிலோடு ஆடிய ஆட்டங்களைத் தூக்கி எறியுங்கள். மிச்சமிருக்கும் குட்டிப் பட்டியலில் ஒவ்வோர் அணிக்கும் ஒரு வெற்றி, ஒரு தோல்வி. புள்ளி சமம், எனவே அதற்குள் கோல் வித்தியாசம். பிஎஸ்ஜிக்கு +3, அது ஏற்கெனவே முடிந்த கதை. அத்லெடிகோ 0-4 என்ற கடனோடு வருகிறது. 2-0 என வென்றாலும் -2தான். போடஃபோகோவுக்கு -1. வெளியே போவது அத்லெடிகோ! சியாட்டிலுக்கு எதிராக அடித்த மூன்று கோல்களை நான் அதன் பையில் போட்டு எண்ணிக்கொண்டிருந்தேன். அந்தக் காசு இங்கே செல்லாது. அதற்குத் தேவைப்பட்டது மூன்று கோல் வித்தியாசம்.

இன்னும் ஒரு படி உள்ளே போனால்தான் வேடிக்கை. சியாட்டிலில் பிஎஸ்ஜி வெல்லாமல் டிரா செய்திருந்தால்? அதற்கு 4 புள்ளிதான் கிடைத்திருக்கும். 6-இல் நிற்பவை அத்லெடிகோவும் போடஃபோகோவும் மட்டும். தங்களுக்குள் ஆடிய ஒரே ஆட்டத்தில் வென்றது அத்லெடிகோ என்றாகிவிடும், ஒரு கோல் போதும், குழுவில் முதலிடமே கிடைத்திருக்கும். அதாவது 35-ஆவது நிமிடத்தில் பிஎஸ்ஜியின் குவாரட்ஸ்கெலியா சியாட்டிலில் முதல் கோல் அடித்த அந்த நொடியில், அங்கிருந்து வெகு தொலைவில் ஆடிக்கொண்டிருந்த அத்லெடிகோவின் தேவை ஒன்றிலிருந்து மூன்றுக்குத் தாவியது. ஒன்று, இல்லையென்றால் மூன்று. இரண்டு என்ற விடைக்கு அன்றைக்கு எந்த நிமிடத்திலும் இடமே இருந்ததில்லை. நான் சொன்னது அந்த இரண்டைத்தான்.

87-ஆவது நிமிடத்தில் கிரீஸ்மன் அடித்தார். அத்லெடிகோ 1-0. வாசகர் ஒருவர், ‘இன்னும் ஒன்றுதானே?’ என்று கேட்டார். ‘ஆமாம், ஒன்றே ஒன்று’ என்று பதில் போட்டேன். அதைப் படித்துவிட்டு எத்தனை பேர் கடைசி நிமிடங்களில் நகம் கடித்தார்களோ தெரியாது. 1-0 என்றே முடிந்தது. பிஎஸ்ஜி முதலிடம், போடஃபோகோ இரண்டாமிடம், 6 புள்ளியோடு அத்லெடிகோ வீட்டுக்கு. இரண்டாவது கோல் விழாததால் என் மானம் பாதி தப்பியது. மீதியை, விதிப் புத்தகத்தின் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அனுப்பிய ஒரு வாசகர் வாங்கிவிட்டார். நாக் அவுட் சுற்றுக்கு எனக்குப் பேசியிருந்த வேலை வேறொருவருக்குப் போனது. கொடுத்தவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

இப்போது புதிதாக வருகிறவர்களுக்கு இந்தக் குழுவின் முதல் இரண்டு சுற்று முடிவுகளை மட்டும் கொடுத்து, ‘அத்லெடிகோவுக்கு எத்தனை கோல் வேண்டும்?’ என்று கேட்கிறேன். அநேகமாக எல்லோரும் இரண்டு என்கிறார்கள். போன முறை ஒரு பெண், ‘கோல் வித்தியாசம்னா கோல் வித்தியாசம்தானே அண்ணா, இதில் என்ன உள்ளே வெளியே?’ என்று சண்டைக்கே வந்துவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. அவர் மீதா, 2025-இல் இருந்த என் மீதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை.

செய்ய வேண்டியது இதுதான்: கோலை எண்ணுமுன் எத்தனை அணிகள் சமமாக நிற்கும் என்று எண்ணுங்கள். பக்கத்து ஆட்டத்தில் ஒரு கோல் விழும்போதெல்லாம் அதை மறுபடி எண்ணுங்கள். அதோடு, ஒவ்வொரு போட்டிக்கும் அதன் விதித்தாளைப் புதிதாகத் திறந்து பாருங்கள். போன போட்டியின் ஞாபகத்தில் ஓட்டாதீர்கள்.

பட்டங்களை எண்ணுவது

ரியல் மாட்ரிட் எத்தனை முறை உலகின் சிறந்த கிளப் ஆனது? ஐந்து என்பார் ஒருவர், எட்டு என்பார் இன்னொருவர், ஒன்பது என்பார் மூன்றாமவர். மூவருமே சரிதான், அதுதான் சிக்கல்.

1960 முதல் 2004 வரை நடந்தது இன்டர்கான்டினென்டல் கோப்பை. ஐரோப்பிய சாம்பியனும் தென் அமெரிக்க சாம்பியனும் மட்டும் மோதுவார்கள். முதலில் இரண்டு ஊரிலும் ஆடினார்கள், 1980 பதிப்பிலிருந்து ஜப்பானில் ஒரே ஆட்டம். ரியல் மாட்ரிட் அதை மூன்று முறை வென்றது: 1960, 1998, 2002. பிஃபா தானே நடத்திய போட்டி 2000 ஜனவரியில் பிரேசிலில் பிறந்தது. மரக்கானாவில் நடந்த இறுதியில் கொரிந்தியன்ஸ் அணி வாஸ்கோ ட காமாவைப் பெனால்டியில் வென்றது. மறு ஆண்டு ஸ்பெயினில் நடக்கவிருந்தது ரத்தாகி, 2005-இல்தான் மறுபடி உயிர் வந்தது. இதில் ரியல் மாட்ரிட்டுக்கு ஐந்து பட்டம். அப்புறம் 2024-இல் பழைய இன்டர்கான்டினென்டல் பெயரை பிஃபா தூசி தட்டி எடுத்து வேறொரு வருடாந்தரக் கோப்பைக்குச் சூட்டியது. அதன் முதல் இறுதியில் மெக்சிகோவின் பச்சுகாவை 3-0 என வென்றதும் ரியல் மாட்ரிட்தான்.

2017 அக்டோபரில் கொல்கத்தாவில் கூடிய பிஃபா கவுன்சில், பழைய இன்டர்கான்டினென்டல் வெற்றியாளர்களையும் உலக சாம்பியன்கள் என்று ஏற்றுக்கொண்டது. ஆனால் இரண்டு போட்டிகளையும் ஒன்றாக்கவில்லை. அந்தச் செய்தியை அரைகுறையாகப் படித்துவிட்டு, 1960-இல் ரியல் மாட்ரிட் கிளப் உலகக் கோப்பையை வென்றது என்று எழுதுகிறவர்கள் மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறார்கள். எண்ணை எழுதுங்கள், பக்கத்திலேயே எந்தக் கோப்பை என்பதையும் எழுதுங்கள்.

ஆண்டு

பதிப்பின் ஆண்டு வேறு, ஆடிய ஆண்டு வேறு. செல்சீ பால்மெய்ராஸை வென்ற 2021 பதிப்பின் இறுதி நடந்தது 2022 பிப்ரவரியில். 2023 என்ற ஒரே ஆண்டில் இரண்டு இறுதிகள்: பிப்ரவரியில் ரியல் மாட்ரிட் 5-3 அல் ஹிலால், டிசம்பரில் மான்செஸ்டர் சிட்டி 4-0 ஃப்ளுமினென்ஸ். முதலாவது 2022 பதிப்பு.

அல் அஹ்லி எந்த அல் அஹ்லி?

கெய்ரோவிலும் ஒன்று, ஜெத்தாவிலும் ஒன்று. ஆங்கிலத்தில் கடைசி எழுத்தாவது மாறும். நம் எழுத்தில் இரண்டும் ஒரே மாதிரிதான் வந்து நிற்கும். ஊர்ப் பெயரைச் சேர்க்காமல் எழுதவே எழுதாதீர்கள். ‘இன்டர்’ கதையும் இதேதான். 2025-இல் இன்டர் மிலானும் இன்டர் மயாமியும் ஒரே போட்டியில் இருந்தன. 2006 கோப்பையை வென்ற இன்டர்நாசியோனல் பிரேசில் அணி.

‘அவர்கள் ஏன் வரவில்லை?’

2024-25-இல் இங்கிலாந்து லீகை லிவர்பூல் வென்றது, ஸ்பெயினில் பார்சிலோனா வென்றது. 2025 கிளப் உலகக் கோப்பையில் இரண்டும் இல்லை. உடனே சதி, அரசியல் என்று எழுதக் கிளம்பிவிடுகிறார்கள். தகுதிக்குப் பார்த்தது 2021 முதல் 2024 வரையிலான கண்ட அளவிலான போட்டிகளை. உள்நாட்டு லீகுக்கு ஐரோப்பாவில் இடமில்லை. அதோடு ஒரு நாட்டிலிருந்து இரண்டு அணிகளுக்கு மேல் கூடாது. இங்கிலாந்தின் இரண்டு இடங்களையும் ஐரோப்பிய சாம்பியன்களான செல்சீயும் மான்செஸ்டர் சிட்டியும் பிடித்துவிட்டன. ஸ்பெயினில் ரியல் மாட்ரிட் சாம்பியனாக நுழைய, தரவரிசைப்படி அத்லெடிகோ இரண்டாவதாக நுழைந்தது.

பிறகு பிரேசிலிலிருந்து நான்கு எப்படி என்று கேட்பீர்கள். இரண்டு என்ற வரம்பு, இரண்டுக்கு மேல் சாம்பியன்கள் இருந்தால் தளரும். பால்மெய்ராஸ், ஃப்ளமெங்கோ, ஃப்ளுமினென்ஸ், போடஃபோகோ என நான்கு ஆண்டும் நான்கு பிரேசில் அணிகள் தென் அமெரிக்காவின் லிபர்டடோரெஸ் கோப்பையை வென்றிருந்தன. உண்மையிலேயே எழுதத்தக்க சர்ச்சை மெக்சிகோவின் லியோன்தான். தகுதி பெற்ற பிறகு, பச்சுகாவுக்கும் அதற்கும் ஒரே உரிமையாளர் என்பதால் வெளியேற்றப்பட்டது. அந்த இடத்துக்கு ஒரு தனி ஆட்டம் வைத்து லாஸ் ஏஞ்சலிஸ் எஃப்சி உள்ளே வந்தது.

பழைய ஆட்டக்காரர் பட்டியல்

தொடக்க நாளில் எடுத்து வைத்த பட்டியலோடு அரையிறுதிக்கு உட்காராதீர்கள். ஜோவோ பெட்ரோ செல்சீயில் சேர்ந்ததே போட்டியின் நடுவில். ஃப்ளுமினென்ஸுக்கு எதிரான அரையிறுதியில் இரண்டு கோல், பிஎஸ்ஜியை 3-0 என வென்ற இறுதியில் ஒன்று.

முடிவை முன்கூட்டியே எழுதுவது

சார்லட்டில் செல்சீ–பென்ஃபிகா. 86-ஆவது நிமிடத்தில் செல்சீ 1-0 முன்னிலை. மின்னல் அபாயம், ஆட்டம் நின்றது. இரண்டு மணி நேரம் சும்மா இருக்க வேண்டுமே என்று என்னோடு வேலை செய்கிற ஒருவர் அறிக்கையை முடித்து, தலைப்பும் வைத்து, ‘விசில் ஊதினால் அனுப்ப வேண்டியதுதான்’ என்று சாய்ந்துகொண்டார். ஆட்டம் திரும்பத் தொடங்கியது. 90-க்குப் பின் சேர்த்த நிமிடங்களில் பென்ஃபிகாவுக்குப் பெனால்டி, டி மரியா அடித்தார், 1-1. சமநிலையால் வந்த கூடுதல் நேரத்தில் செல்சீ மூன்று கோல் போட்டு 4-1 என்று முடித்தது. வென்ற அணி மட்டும்தான் அவர் அறிக்கையில் மாறவில்லை.