ஸ்டெப் கோப்பிலிருந்து கோடோ எஞ்சினுக்கு, காசு செலவில்லாமல்

ஒரு பம்ப் அசெம்பிளியின் ஸ்டெப் கோப்பை (பொறியியல் வடிவமைப்பு மென்பொருள்கள் பரிமாறிக்கொள்ளும் முப்பரிமாணக் கோப்பு) கோடோ என்ற கேம் எஞ்சினுக்குள் கொண்டுவர வேண்டியிருந்தது. இதற்கென்றே விற்கும் மென்பொருள்களின் விலை எனக்குக் கட்டுப்படியாகாது. பொறியியல் வடிவமைப்புக்கான ஃப்ரீகேட், முப்பரிமாண மாடலிங்குக்கான பிளெண்டர் இரண்டுமே இலவசம், அவற்றை வைத்தே முடித்தேன்.

ஸ்டெப் கோப்பில் பொதுவாக முக்கோணங்கள் கிடையாது, கணித வளைபரப்புகள்தான். கேம் எஞ்சினுக்கோ முக்கோணங்களால் ஆன வலை, அதாவது மெஷ், வேண்டும். வளைபரப்புகளை எவ்வளவு நுணுக்கமாக முக்கோணங்களாக உடைப்பது என்பதில்தான் பாதி வேலை. ஃப்ரீகேட்டின் மெஷ் பகுதியில் கோண விலகலை (பக்கத்துப் பக்கத்துத் துண்டுகளுக்கு இடையே அனுமதிக்கும் கோணம்) இறுக்கினால், கண்ணுக்கே தெரியாத ஃபில்லட்கூட (உருட்டிய விளிம்பு) முக்கோணங்களைக் கொட்டிவிடும். நான் அதை 30 டிகிரியிலேயே விட்டேன். வெளியே தெரியும் பெரிய உறைக்கு மட்டும் 10 டிகிரி.

ஆனால் முக்கோண எண்ணிக்கையில் பெரிய சேமிப்பு அதற்கு முன்பே வந்துவிட்டது. உள்ளே மறைந்திருக்கும் பேரிங், சீல், போல்ட் மரை எல்லாவற்றையும் முதலிலேயே நீக்கிவிட்டேன். யாரும் பார்க்கப் போவதில்லை! ஒரே மாதிரி போல்ட்களில் ஒன்றை மட்டும் மெஷ் ஆக்கி, பிளெண்டரில் ஆல்ட்+டி அழுத்தி மற்ற இடங்களில் வைத்தேன். அப்படி வைத்தால் எல்லாமே ஒரே மெஷ் தரவைப் பகிர்ந்துகொள்ளும்.

அப்புறம் அளவு. ஃப்ரீகேட் கணக்கு மில்லிமீட்டர், கோடோ கணக்கு மீட்டர், அதனால் 0.001 ஆகச் சுருக்கி, ஸ்கேலை அப்ளை செய்தேன், அதாவது சுருக்கிய அளவையே மெஷ்ஷின் நிலையான அளவாக்கினேன். தட்டையான முகங்களில் கறுப்புத் திட்டுகள் தெரிந்தன. கூர்மையான விளிம்புகளை விட்டுவிடும்படி கோண வரம்பு வைத்து ஸ்மூத் ஷேடிங் (பரப்பை வழவழப்பாகக் காட்டும் நிழலிடல்) கொடுத்ததும் போய்விட்டன. பிளெண்டரிலிருந்து ஜிஎல்டிஎஃப் ஆக (கோடோ படிக்கும் முப்பரிமாணக் கோப்பு வகை) ஏற்றுமதி செய்தால், அச்சுத் திசையை அதுவே பார்த்துக்கொள்ளும்.