கொடைக்கானலிலேயே கேட்காத கோடை பண்பலை

காரோடு வந்த கம்பெனி ஸ்டீரியோவின் டிஸ்ப்ளே போய்விட்டதால் புதிது மாட்டினோம். புளூடூத் எல்லாம் சரி. கோடை பண்பலை 100.5 மட்டும் ஒரே இரைச்சல். அதுவும் நிலையம் இருக்கிற கொடைக்கானலிலேயே!

வத்தலக்குண்டு மெக்கானிக் ஆன்டெனா கம்பியை மாற்றிப் பார்த்தார். பலனில்லை. "மலையில மூடுபனி சார், அப்படித்தான் இருக்கும்" என்றார். பழைய ஸ்டீரியோவுக்கு மட்டும் பனி இல்லையா? கடையில் வேறு ஸ்டீரியோவும் மாற்றிக் கொடுத்தார்கள். அதே இரைச்சல்.

அப்புறம்தான் விஷயம் பிடிபட்டது. கூரை ஆன்டெனாவின் அடியில் ஒரு குட்டி ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. அதற்கு 12 வோல்ட் வேண்டும். பழைய ஸ்டீரியோ அதை ஆன்டெனா கேபிள் வழியாகவே அனுப்பியிருக்கிறது. புதியது தனி நீல வயரில் தருகிறது. அந்த வயர் டேப் சுற்றிப் பின்னால் சும்மா கிடந்தது. வெள்ளைக் கோடு போட்ட நீலமும் பக்கத்திலேயே இருக்கும். நமக்கு வேண்டியது கோடில்லாதது. ஸ்டீரியோவுக்கும் ஆன்டெனா கேபிளுக்கும் நடுவில் ஆன்டெனா அடாப்டர் போட்டு, அந்த நீல வயரை அதில் இணைத்ததும் 100.5 கணீரென்று வந்தது.