பழைய மேம்பாலத்தை நடைபூங்காவாக மாற்ற நினைக்கிறீர்களா?

செடி, பெஞ்ச், விளக்கு எல்லாம் அப்புறம். முதலில் பாலம் எவ்வளவு தாங்கும் என்று பாருங்கள். தென்கொரியாவின் சியோலில், ரயில் நிலையத்தை ஒட்டி 1970-ல் கட்டிய மேம்பாலத்துக்கு 2006-ல் பாதுகாப்புச் சோதனையில் 'டி' தரம்தான் கிடைத்தது. இடிக்கத்தான் இருந்தார்கள். கடைசியில் மனசு மாறி, தேய்ந்துபோன தளப் பலகைகளைக் கழற்றிப் புதிதாகப் போட்டு, 2017 மே மாதம் 'சியோல்லோ 7017' என்ற நடைபாதையாகத் திறந்தார்கள். 70-ல் பிறந்து 17-ல் மறுபிறவி எடுத்ததால் அந்தப் பெயர்.

வண்டியே ஓடிய பாலம், நாலு செடியைத் தாங்காதா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுக் காட்டுங்கள்: ஈர மண் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய 1.8 டன், அதாவது 30 செ.மீ. ஆழத்துக்கு மண் பரப்பினாலே சதுர மீட்டருக்கு அரை டன்னுக்கு மேல் ஏறிவிடும், வண்டி மாதிரி அது கடந்து போகாது, வருஷம் முழுக்க அங்கேயே உட்கார்ந்திருக்கும். அதனால் எல்லா இடத்திலும் மண் கொட்டாதீர்கள். எடை குறைந்த மண்கலவையைத் தொட்டிகளில் போடுங்கள், பெரிய மரத்தைத் தூணுக்கு நேர் மேலே வையுங்கள்.

தளத் துண்டுகளுக்கு இடையே விரல் நுழைகிற இடைவெளி இருக்கும், பார்த்திருப்பீர்கள். வெயிலில் கான்கிரீட் விரிவதற்காக விட்டது அது. அதைச் சிமெண்ட் வைத்து அடைத்தால் விரிசல் விடும், திறந்தே விட்டால் சக்கர நாற்காலி மாட்டும். ஒரு பக்கம் மட்டும் பொருத்திய உலோகத் தகடு போட்டு மூடுங்கள், நகர இடம் இருக்கும்.

பணம் கொட்டும் முன் ஒத்திகை பாருங்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோவில், 1971-ல் திறந்த 'மின்யோகாவ்' மேம்பாலச் சாலையில் இரவிலும் வார இறுதியிலும் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள், ஜனங்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். பெரிய கட்டுமானம் எதுவும் இதற்குத் தேவையில்லை. வண்டிகள் எந்தத் தெருவில் போய் முட்டுகின்றன என்பதும் அப்போதே தெரிந்துவிடும்.

கீழே கடை வைத்திருப்பவர்களிடம் முதல் நாளிலிருந்தே பேசுங்கள். சியோலில் நம்தேமுன் சந்தை வியாபாரிகள் கடுமையாக எதிர்த்தார்கள், சரக்கு வரும் வழி போய்விடுமே என்ற அவர்கள் பயம் நியாயமானது. படியும் லிஃப்டும் சந்தை வாசலுக்கே இறங்கட்டும்.

சரி, நிழல்? சியோல்லோவில் 24,000 செடிகள், ஆனாலும் கோடையில் கான்கிரீட் தரை கொதிக்கிறது என்றுதான் பலரும் குறை சொன்னார்கள். மரம் வளரும்வரை பந்தல் போடுங்கள். தொட்டிச் செடி தினமும் தண்ணீர் கேட்கும், ஆகவே குழாய் இணைப்பையும் தோட்டக்காரர் சம்பளத்தையும் முதல் பட்ஜெட்டிலேயே எழுதிவிடுங்கள்.