தலைப்புப் பட்டை ரெண்டு எதற்கு?

லினக்ஸில் ஃபயர்பாக்ஸ் திறந்தால் சிலருக்கு மேலே ஒரு பட்டையில் பக்கத்தின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே டேபிலும் அதே பெயர். சின்ன லேப்டாப் திரையில் அந்த ஒரு வரி வீண்தானே?

டேப் வரிசையில் காலியான இடத்தில் ரைட் கிளிக் செய்து 'கஸ்டமைஸ் டூல்பார்' போங்கள். இடது கீழ் மூலையில் 'டைட்டில் பார்' என்று ஒரு டிக் பெட்டி இருக்கும், பலர் கண்ணில் படாத இடம். டிக்கை எடுத்தால் பட்டை போய்விடும். மூடும் பொத்தான் டேப்களுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

குரோமில் இன்னும் சுலபம். டேப்களுக்குப் பக்கத்தில் ரைட் கிளிக் செய்தால் 'யூஸ் சிஸ்டம் டைட்டில் பார் அண்ட் பார்டர்ஸ்' வரும். அதன் டிக்கை எடுத்துவிட்டால் சரி.

இப்படி வசதி இல்லாத மென்பொருள் என்றால்? லினக்ஸின் டெஸ்க்டாப் சூழல்களில் ஒன்றான கேடிஇ பிளாஸ்மா வைத்திருப்பவர்களுக்குக் கவலையில்லை. ஆல்ட்+எஃப்3 அழுத்தி, 'மோர் ஆக்‌ஷன்ஸ்' உள்ளே 'நோ டைட்டில்பார் அண்ட் ஃபிரேம்' தேர்ந்தெடுங்கள். பெரும்பாலான ஜன்னல்கள் மொட்டையாகிவிடும்.

முதல் தடவை செய்துவிட்டு, ஜன்னலை எதைப் பிடித்து நகர்த்துவது என்று முழித்தேன். விண்டோஸ் கீயை அழுத்திக்கொண்டு ஜன்னலுக்குள் எங்கே பிடித்து இழுத்தாலும் நகரும். அப்புறம், பட்டை திரும்ப வேண்டுமென்றால் அதே ஆல்ட்+எஃப்3தான். அதை மட்டும் மறந்துவிடாதீர்கள், ரைட் கிளிக் செய்யப் பட்டையே இருக்காது!