நாய்க்கு வலிப்பு மாத்திரை தவறாமல் கொடுக்கும் முறை

எங்கள் நாய் மணிக்கு வலிப்பு நோய் என்று உறுதியாகி, மருத்துவர் ஃபீனோபார்பிட்டோன் எழுதிக் கொடுத்த பிறகு நான் கற்றுக்கொண்டதை, அதே மருந்துச் சீட்டோடு கலங்கி நிற்பவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் எடை பாருங்கள். பொதுவாக ஒரு கிலோவுக்கு 2.5 முதல் 3 மில்லிகிராம் வரை, 12 மணி நேரத்துக்கு ஒரு முறை என்று தொடங்குவார்கள். மணி 20 கிலோ. காலை ஆறு மணிக்கு 60, மாலை ஆறு மணிக்கு 60 மில்லிகிராம். அளவை மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். பாதி மாத்திரை தேவைப்பட்டால், மாத்திரை வெட்டும் டப்பா வாங்குங்கள். கத்தியால் நறுக்கினால் ஒரு பாதி தூளாகிவிடும்.

அடுத்தது விழுங்க வைப்பது. நான் இடறியது இங்கேதான். இட்லித் துண்டுக்குள் வைத்துக் கொடுத்தேன், மணியும் வாலாட்டிக்கொண்டே தின்றது. ஐந்தாம் வாரம் மீண்டும் வலிப்பு வந்தது. அளவு போதவில்லை என்றே நினைத்தேன். இரத்தத்தில் மருந்து ஒரு மில்லிலிட்டருக்குக் குறைந்தது 15 மைக்ரோகிராமாவது இருக்க வேண்டும். மணியின் இரத்தத்தில் 9தான் இருந்தது. அன்று மாலை அது படுக்கும் சாக்கை உதறியபோது, ஓரம் கரைந்து, இட்லி ஒட்டிய மாத்திரைகள் ஏழெட்டு உதிர்ந்தன. இப்போது வாயைத் திறந்து நாக்கின் மேல் பின்பக்கமாக, தொண்டைக்கு அருகே வைத்து, வாயை மூடி, கழுத்தை நீவிவிடுகிறேன். மூக்கை நக்கினால் பெரும்பாலும் விழுங்கிவிட்டது என்று பொருள். பிறகு ஒரு வாய் தயிர்.

முதல் சில வாரங்கள் தள்ளாட்டம், தூக்கம், தாகம், அடங்காப் பசி எல்லாம் இருக்கும். பசிக்கு இரங்கிச் சோற்றைக் கூட்டாதீர்கள். இரண்டு வாரத்தில் மருந்தளவுப் பரிசோதனை. அதன்பின் மருத்துவர் சொல்லும் இடைவெளியில் அதனுடன் கல்லீரல் பரிசோதனையும் செய்ய வேண்டும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அதனாலேயே கடும் வலிப்பு வரலாம். ஆகவே பட்டை தீரும் முன்பே அடுத்ததை வாங்கி வையுங்கள்.

வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினாலோ, ஒரே நாளில் இரண்டு முறை வந்தாலோ, உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். வலிப்பின்போது வாய்க்குள் கை விடாதீர்கள்.

பின்சேர்க்கை: பூனைக்கும் ஃபீனோபார்பிட்டோன்தான் முதல் மருந்து. நாய்களுக்குத் தரும் பொட்டாசியம் புரோமைடு பூனையின் நுரையீரலைப் பாதிக்கக்கூடும். வாய்வழி டயஸிபாம் அதன் கல்லீரலையே அழித்துவிடலாம். புரோமைடு உண்ணும் தன் நாய்க்குக் கருவாடு கொடுத்த வாரத்தில் வலிப்பு வந்ததாக ஒருவர் எழுதியிருந்தார். உப்பு கூடினால் சிறுநீரகம் புரோமைடை விரைவாக வெளியேற்றிவிடும். புரோமைடு உண்ணும் நாய்க்குத் தினமும் ஒரே அளவு உப்புள்ள உணவையே கொடுங்கள்.